கர்ப்பப்பை, மெனோபாஸ், ஹார்மோன்: லேப் அக்கா பதில்கள்

பாளையங்கோட்டையில 26 வருஷம் லேபில ஹார்மோன் டெஸ்ட் பார்த்தவ நான். சிகிச்சை சொல்ல மாட்டேன், விவரம் சொல்லுதேன்.

கல்லிடைக்குறிச்சி, 51 வயது: மாதவிடாய் நின்னு ஒரு வருஷம். ராத்திரி வேர்த்து ஊத்துது. ஹார்மோன் மாத்திரை போட்டா மார்புப் புத்துநோய் வரும்னு சொல்லுதாங்களே அக்கா?

அந்தப் பயம் 2002-ல பிறந்தது. அமெரிக்காவில 16,608 பெண்கள் சேர்ந்த ஆய்வு. ஈஸ்ட்ரோஜன்ங்கிற பெண் ஹார்மோனும், கர்ப்பப்பை உள்சவ்வைத் தடிக்க விடாத புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை. மார்புப் புத்துநோய் வருஷத்துக்கு 10,000 பேர்ல, ஹார்மோன் போடாதவங்களுக்கு 30-ஆ இருந்தது போட்டவங்களுக்கு 38 ஆச்சு, ஆய்வைப் பாதியில நிறுத்தினாங்க. அது நிஜம். ஆனா சேர்ந்தவங்க சராசரி வயசு 63, உங்களுக்கு 51. வயசு வாரியாப் பிரிச்சுப் பார்த்தப்ப, 60-க்குள்ள, நின்னு 10 வருஷத்துக்குள்ள ஆரம்பிச்சவங்களுக்குக் கணக்கே வேற. வேர்வையில தூக்கம் கெடுறவங்களுக்கு நன்மைதான் கூட. மார்புப் புத்துநோய் வந்தவங்க, காலில ரத்தம் கட்டினவங்க இதுக்குப் பொதுவா ஒதுங்கணும். கர்ப்பப்பை இருக்கிறவங்க ஈஸ்ட்ரோஜனைத் தனியா எடுக்கக் கூடாது, உள்சவ்வு தடிச்சுப் புத்துநோய் ஆகலாம். இன்னொண்ணு: நின்னு ஒரு வருஷம் கழிச்சு துளி ரத்தம் பட்டாலும் டாக்டர்கிட்ட போயிரணும்.

மேலப்பாளையம்: ஹார்மோன் மாத்திரையால கேன்சர் வருமா?

மேல வாசிங்க.

ஆலங்குளம், 44 வயது: பீடி சுத்துதேன். 9 வருஷம் முன்ன கர்ப்பப்பையை எடுத்தாச்சு. இப்ப மணிக்கட்டு எலும்பு கீறிட்டு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டாங்கிறது ஒரு தாளில இருக்கு தாயி. உங்களை மாதிரி ஒரு அம்மா லேபுக்கு வந்தாங்க. மஞ்சப் பையில நாலா மடிச்ச டிஸ்சார்ஜ் சம்மரி, மடிப்புல எழுத்தே அழிஞ்சு போச்சு. வாசிச்சா, கர்ப்பப்பையோட ரெண்டு சினைப்பையும் எடுத்திருக்காங்க. அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லல. "பையை எடுத்தோம்"னு மட்டும் சொல்லி அனுப்பியிருக்காங்க. எனக்கு இன்னிக்கும் ஆறல.

கர்ப்பப்பை மட்டும் போனா சினைப்பை ஈஸ்ட்ரோஜன் சுரந்துகிட்டே இருக்கும். சினைப்பையும் போனா 35 வயசிலயே மெனோபாஸ். பழைய எலும்பை அரிக்கிற செல்லை ஈஸ்ட்ரோஜன்தான் அடக்கி வைக்கும். அது போனா அரிப்பு முந்திக்கும், இதயத்துக்கும் கேடு கூடும். அதனாலதான் 45-க்கு முன்ன சினைப்பையை இழந்தவங்களுக்கு, தடை எதுவும் இல்லைன்னா, இயல்பா நிக்கிற வயசு வரைக்கும் ஹார்மோன் கொடுக்கணும்னு சொல்லுதாங்க. அந்தத் தாளைத் தேடுங்க. எலும்பு அடர்த்தி பார்க்கிற டெக்சா ஸ்கேன் எடுக்கணுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

தென்காசி அண்ணாச்சி: எங்க ஆச்சி உளுந்தங்களி தின்னே 90 வயசு வரைக்கும் எலும்பு முறியாம இருந்தா. அதுல ஈஸ்ட்ரோஜன் இருக்கு.

களியில ஈஸ்ட்ரோஜன் கிடையாது அண்ணாச்சி. பயறு வகையில ஈஸ்ட்ரோஜன் சாயல்ல ஐசோஃபிளேவோன்னு ஒண்ணு உண்டு, அதுவும் சோயாவிலதான் அதிகம்.

அண்ணாச்சி: அப்ப வயசுக்கு வந்த பிள்ளைக்கு ஏன் களி கொடுத்தாங்க?

வளர்ற பிள்ளைக்குப் புரதம் வேணும், உளுந்து அதைக் கொடுக்கும். நல்லெண்ணெய் ஊத்தி, கருப்பட்டி போட்டு நானும் என் மகளுக்குக் கிண்டினேன். உங்க ஆச்சி அந்தக் காலத்துல தண்ணி சுமந்தா, நெல் குத்தினா, வெயில்ல நின்னா. அதெல்லாம் எலும்புக்குப் போய்ச் சேர்ந்துச்சு. களி தின்னுங்க, மாத்திரைக்குப் பதிலா தின்னாதீங்க.

கடையம்: ஆம்பளைக்கு ஈஸ்ட்ரோஜன் எதுக்கு?

நல்ல கேள்வி. ஆணோட உடம்பு டெஸ்டோஸ்டிரோனையே கொஞ்சம் ஈஸ்ட்ரோஜனா மாத்திக்கும். 1994-ல ஒரு மனுஷனைப் பத்தி எழுதினாங்க. 28 வயசு, 204 செ.மீ. உயரம், இன்னும் வளர்ந்துகிட்டே இருந்தார், எலும்பு மெலிவு வேற. டெஸ்டோஸ்டிரோன் சரியா இருந்துச்சு. செல்லில ஈஸ்ட்ரோஜனை ஏத்துக்கிற வாங்கி (ரிசெப்டர்) தான் பழுது. எலும்பு வளர்ச்சியை முடிச்சு வைக்கிறது ஆணுக்கும் ஈஸ்ட்ரோஜன்தான்னு அதுல தெரிஞ்சுச்சு.

வள்ளியூர்: பிசிஓஎஸ்-க்கு (சினைப்பை நீர்க்கட்டிக்கு) என்ன மாத்திரை?

மகப்பேறு டாக்டர்கிட்ட போங்க.

பேட்டை: ஹார்மோன் மாத்திரை கேன்சர் தருமா?

மூணாவது தடவை. முதல் பதிலை வாசிச்சிட்டு வாங்க.

சேரன்மகாதேவி, 58 வயது: நின்னு ஆறு வருஷம். ரெண்டு மாசமா லேசா படுது. மருமககிட்ட சொல்ல வெக்கமா இருக்கு.

நாளைக்குக் காலையில போங்கம்மா. சவ்வு மெலிஞ்சதால பட்டிருக்கலாம், நிறைய பேருக்கு அதுதான். ஸ்கேன் பார்க்காம யாரும் உறுதியாச் சொல்ல முடியாது. தேவைன்னா சின்னதா சதை எடுத்துப் பார்ப்பாங்க. புத்துநோயே ஆனாலும் ஆரம்பத்துல பிடிச்சா பெரும்பாலும் குணமாக்கிரலாம். மருமககிட்டயே சொல்லுங்க, அவளும் பொம்பளைதான். போயிட்டு வந்து ஒரு வரி எழுதுங்க.