கம்பி ஏன் ஒரு முனையில் பருக்கிறது?

அன்புள்ள ஐயா,

பணி ஓய்வுக்குப் பிறகு பழைய நாலரை அடி லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்று வாங்கி வீட்டுக் கொட்டகையில் போட்டிருக்கிறேன். 20 மி.மீ. எம்.எஸ். (மென் எஃகு) கம்பியை 150 மி.மீ. வெளியே நீட்டி, சக்கில் (கம்பியைப் பிடித்துச் சுற்றும் பகுதி) பிடித்துக் கடைந்தேன். விட்டம் சக் பக்கம் 18.00 மி.மீ., வெளி முனையில் 18.15. மேல்பரப்பும் பிய்ந்தாற்போல் இருக்கிறது. மெஷினில் ஏமாந்துவிட்டேனோ? பாதுகாப்புக்குக் கையுறை போட்டுத்தான் வேலை செய்கிறேன். எங்கிருந்து கற்கத் தொடங்குவது?

– ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்தக் கையுறையைக் கழற்றிவிடுங்கள். சுற்றுகிற கம்பியில் அதன் நூல் மாட்டினால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். தோளில் துண்டு, தொங்கும் முழுக்கைச் சட்டை எதுவும் வேண்டாம். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். வெட்டி விழும் இரும்புச் சுருளை, மெஷினை நிறுத்திவிட்டுக் கொக்கியால் எடுங்கள்.

நான் வேலை கற்ற பட்டறையில் முதல் வாரம் மெஷினை ஓடவிடவே இல்லை. கம்பியை மாட்டு, இறுக்கு, சக்கை இறுக்கும் சாவியை எடுத்து மேசையில் வை, மறுபடி கழற்று. நாள் முழுக்க இதுதான். சக்கில் சாவி இருக்கும்வரை அதிலிருந்து கை விலகக் கூடாது. சாவியோடு மெஷினைப் போட்டால் அது பறந்து வந்து ஆளைத் தாக்கும். நீங்களும் அப்படியே தொடங்குங்கள்.

சரி, உங்கள் கம்பிக்கு வருவோம். மெஷினை இப்போதே குறை சொல்ல வேண்டாம். 20 மி.மீ. கம்பி 150 மி.மீ. நீண்டால் விட்டத்தைப் போல ஏழரை மடங்கு. டூல் (வெட்டும் உளி) அழுத்தும்போது வெளி முனை விலகிக்கொடுக்கும். அங்கே வெட்டு குறையும், கம்பி பருமனாக நிற்கும். நீட்டம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்காகும். நீட்டம் விட்டத்தைப் போல மூன்று மடங்கைத் தாண்டினாலே முனையின் நடுவில் சென்டர் துளை போட்டு, டெயில் ஸ்டாக்கில் (சக்குக்கு எதிர்ப்பக்கம் நகரும் தாங்கி) ரிவால்விங் சென்டர் (கம்பியோடு சேர்ந்து சுற்றும் கூர்முனை) வைத்துத் தாங்குங்கள்.

மேல்பரப்பு பிய்வதற்கு நான் முதலில் பார்ப்பது டூலின் உயரத்தை. மெஷினை நிறுத்தி, டூல் நுனிக்கும் உருண்டைக் கம்பிக்கும் நடுவே மெல்லிய ஸ்டீல் ஸ்கேலை மெதுவாகப் பிடியுங்கள். ஸ்கேல் செங்குத்தாக நின்றால் நுனி கம்பியின் மைய உயரத்தில் இருக்கிறது. அதன் தலை உங்கள் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது, அந்தப் பக்கம் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது. அடியில் தகடு வைத்தோ எடுத்தோ சரிசெய்யுங்கள். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது, செலவே இல்லை. டூலும் அதைப் பிடிக்கும் போஸ்ட்டிலிருந்து அதிகம் நீள வேண்டாம். நுனி மழுங்கியிருந்தால் தீட்டிக்கொள்ளுங்கள்.

வேகத்துக்கு ஒரு கணக்கு: எச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) டூலில் எம்.எஸ். வெட்ட, வெட்டு வேகம் நிமிடத்துக்கு 25 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அதை 320-ஆல் பெருக்கி, மி.மீ.யில் உள்ள விட்டத்தால் வகுத்தால் நிமிடத்துக்கான சுற்று எண்ணிக்கை கிடைக்கும். 20 மி.மீ. கம்பிக்கு 400.

இவ்வளவும் செய்த பிறகு மெஷினைச் சோதிக்கலாம். 40 மி.மீ. கம்பியை 100 மி.மீ. மட்டும் நீட்டி, சென்டர் இல்லாமல், 0.1 மி.மீ. மெல்லிய வெட்டு எடுங்கள். அப்போதும் நன்றாகவே டேப்பர் (ஒரு முனை பருத்து மறு முனை மெலிவது) வந்தால் லேத்தின் பெட் (அடித்தளம்) முறுகியிருக்கலாம். அதைப் பார்க்கக் கொத்தனாரின் ரசமட்டம் போதாது, மீட்டருக்கு 0.02 மி.மீ. சாய்வைக்கூடக் காட்டுகிற மட்டம் வேண்டும். அதை வாங்க ஓடுவதற்கு முன், இரண்டு முனைகளையும் மைக்ரோமீட்டரில் அளந்து எனக்கு எழுதுங்கள்.