கேள்வி கேட்டால் தாழ்மை இல்லையா?

கேள்வி: எங்கள் சபையில் 14 வருடமாக ஞாயிறு பள்ளி நடத்தி வந்தேன். இந்த வருட விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) முடிந்ததும், என்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் சேகரக் கமிட்டியில் (சபை நிர்வாகக் குழுவில்) வேறொரு தங்கச்சியைப் பொறுப்பாக அறிவித்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "கிறிஸ்தவளுக்குத் தாழ்மைதான்மா முக்கியம், கேள்வி கேட்கக் கூடாது" என்று கமிட்டி மூப்பர் எல்லார் முன்னாலும் சொன்னார். அன்றிலிருந்து சரியாக ஜெபிக்க முடியவில்லை. ஆராதனைக்குப் போய் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். படங்கள், ரெஜிஸ்டர் எல்லாம் இருக்கிற அலமாரிச் சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. எனக்குத் தாழ்மை இல்லையா?
– ஒரு சகோதரி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, நீங்கள் கேட்டதில் தப்பே இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்த ஒரு வாக்கியம் உங்களை எவ்வளவு நாளாக அரித்துக்கொண்டிருக்கிறது என்று கடிதத்தைப் படித்தபோதே தெரிந்தது.

பிரதான ஆசாரியனுக்கு முன்னால் சேவகன் ஒருவன் இயேசுவைக் கன்னத்தில் அறைந்தான். அவர் பேசாமல் இருந்துவிடவில்லை. "நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார். யோவான் 18-ஆம் அதிகாரம். சாந்தமும் மனத்தாழ்மையுமாய் இருக்கிறேன் என்று சொன்ன அதே வாய்தான்.

பவுலைப் பாருங்கள். பிலிப்பி பட்டணத்தில் விசாரணையே இல்லாமல் அவரையும் சீலாவையும் எல்லார் முன்னாலும் அடித்து, காலைத் தொழுமரத்தில் மாட்டி வைத்தார்கள். மறுநாள் காலையில் "போகலாம்" என்று ஆள் அனுப்பினார்கள். பவுல் போகவில்லை. வெளியரங்கமாய் அடித்துவிட்டு இரகசியமாய் அனுப்புகிறீர்களா, அவர்களே வந்து அழைத்து விடட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். அதிகாரிகள் வந்தார்கள். எனக்கு எப்போதும் ஆச்சரியம் தருவது இதற்கு அப்புறம் நடந்ததுதான். தாழ்மையைப் பற்றிப் பவுல் எழுதியதிலேயே மிக அழகான பகுதி, அந்தப் பிலிப்பி சபைக்கு எழுதிய கடிதத்தின் 2-ஆம் அதிகாரம். "மனத்தாழ்மையினாலே ஒருவரையொருவர் தங்களிலும் மேன்மையானவர்களாக எண்ணக்கடவீர்கள்" என்று அவர் எழுதினார். அன்று ராத்திரி அவர்களைக் காவல் காத்து, அப்போதே ஞானஸ்நானம் பெற்ற சிறைக்காரன் குடும்பமும் அந்தச் சபையில் சேர்ந்ததுதான். பவுல் எப்படிப்பட்ட ஆள் என்று அவர்களுக்குத் தெரியும்.

"ஒருவரையொருவர்" என்கிற வார்த்தையை உங்கள் மூப்பர் விட்டுவிட்டார். தாழ்மை நான் எனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியது. அதிகாரத்தில் இருப்பவர் கீழே இருப்பவரைப் பார்த்துச் சொல்லும்போது அது வாயடைக்கிற வார்த்தையாகிவிடுகிறது. நம் பக்கத்தில் வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலுக்குள் சாதிக்கு ஒரு பக்கமாகப் பிரித்து நின்ற சுவர் 1910-ல்தான் இடிபட்டது. சுவர் வேண்டாம் என்று கேட்டவர்களுக்குத் தாழ்மை குறைவு என்று யார் சொல்ல முடியும்?

சரி, இப்போது கொஞ்சம் கஷ்டமான பகுதி. சாவியைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த வரியைத்தான். அந்தத் தங்கச்சி உங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை. பிள்ளைகளும் செய்யவில்லை. படம் இல்லாமல், பெயர் கூப்பிட ரெஜிஸ்டர் இல்லாமல் அவள் எப்படிச் சமாளிக்கிறாளோ! "கேட்டு வரட்டும்" என்று உங்களுக்குள் ஒரு குரல் சொல்கிறது, இல்லையா? அநியாயம் நடந்தது உண்மை. ஆனால் அந்தக் குரல் நியாயத்தைக் கேட்கவில்லை. 14 வருட ஊழியம் மெல்ல மெல்ல "என்" ஞாயிறு பள்ளியாகிவிட்டதோ என்று மட்டும் தனியாக உட்கார்ந்து யோசியுங்கள்.

எனக்கும் இது தெரியும். பல வருடம் பாடகர் குழுவில் முன் வரிசையில் நின்றவன் நான். ஒரு கிறிஸ்மஸுக்கு என்னைப் பின்னால் நிறுத்தினார்கள். அந்த ஆராதனை முழுக்க யார் ஸ்வரம் தப்புகிறார்கள் என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்து வந்த அசனப் பண்டிகையில் சாப்பாடு முடிந்து எல்லாரும் எழுந்து போனபோது, ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் "நீங்க விடுங்கய்யா" என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அந்த வாளியை இப்படித் தள்ளி வை, சாம்பார் சிந்துது" என்றார். அவ்வளவுதான். தாழ்மையாய் இருக்கிறோம் என்ற நினைப்பே அவரிடம் இல்லை. சாம்பார் சிந்தக் கூடாது என்பதுதான் அவர் கவலை.

இயேசு சீஷர் கால்களைக் கழுவ எழுந்த இடத்தை யோவான் 13-இல் நிதானமாக வாசியுங்கள். தாம் தேவனிடத்திலிருந்து வந்ததையும், தேவனிடத்திற்குப் போகிறதையும் "அறிந்து" எழுந்தார் என்று இருக்கிறது. அதற்கு அப்புறம்தான் சீலையை அரையில் கட்டுகிறார். தாம் யார் என்று தெரிந்திருந்ததால்தான் அடிமை செய்கிற வேலையை அவரால் கூச்சமில்லாமல் செய்ய முடிந்தது. உங்கள் மதிப்பு அந்தப் பொறுப்பில் இல்லை, சகோதரி. கமிட்டி அதைக் கொடுக்கவும் இல்லை, எடுக்கவும் முடியாது.

உங்கள் சபைப் போதகர் ஐயரவர்களிடம் தனியாக நேரம் கேளுங்கள். மத்தேயு 18-இல் சொன்னபடி, முதலில் தனித்து. ஏன் மாற்றினீர்கள், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அழாமல், குரல் உயர்த்தாமல் கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் அதையும் சொல்லிவிட்டு வாருங்கள்.

ஆனால் அதற்கு முன்னால் சாவி. பதில் கிடைத்த பிறகு கொடுப்போம் என்று வைத்துக்கொள்ள வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் கொடுக்க வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலம் அந்தத் தங்கச்சி வீட்டுக்கே போங்கள். எந்தப் பிள்ளைக்குக் கண் சரியாகத் தெரியாது, யாரை முன்னால் உட்கார வைக்க வேண்டும், எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வரும் என்பதெல்லாம் ரெஜிஸ்டரில் இருக்காது. அதையும் அவளிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.