டெஸ்க்டாப் அப்ளிகேஷனுக்குள் வெளியார் கன்ட்ரோலைச் சேர்க்கும் முன் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

டபிள்யூபிஎஃப்-இல் (விண்டோஸ் டெஸ்க்டாப் அப்ளிகேஷன் எழுத மைக்ரோசாஃப்ட் தரும் கருவித்தொகுப்பு) எழுதிய அப்ளிகேஷனுக்குள் இன்னொரு நிறுவனம் விற்கும் பிடிஎஃப் வியூவர் கன்ட்ரோலை, அதாவது பிடிஎஃப்பைத் திரையில் காட்டும் தயார்நிலைப் பாகத்தை, சேர்க்கப் போகிறீர்கள். டெமோ அருமையாக ஓடுகிறது, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

டெமோவில் அந்தக் கன்ட்ரோல் ஒரு விண்டோவில் தனியாக இருக்கிறது. உங்கள் மெனு, ஷார்ட்கட், டயலாக் எதுவும் அங்கே இல்லை. சிக்கல்கள் வருவது இவையெல்லாம் ஒன்றாகச் சேரும்போதுதான். அதனால் டிரையல் வெர்ஷனை உங்கள் அப்ளிகேஷனிலேயே இருப்பதில் சிக்கலான ஸ்கிரீனுக்குள் வைத்துப் பாருங்கள்.

முதலில், அது உண்மையிலேயே டபிள்யூபிஎஃப் கன்ட்ரோலா, அல்லது விண்டோஸின் பழைய அடிப்படை முறையான வின்32-இல் எழுதிய கன்ட்ரோலுக்கு மேலே போட்ட உறையா என்று தெரிந்துகொள்ளுங்கள். விளம்பரப் பக்கத்தில் இதைத் தெளிவாகச் சொல்ல மாட்டார்கள். டபிள்யூபிஎஃப் ஒரு விண்டோவுக்கு ஒரே ஒரு விண்டோ ஹேண்டிலை (ஒரு திரைப்பகுதியை விண்டோஸ் அடையாளம் காணும் எண்) வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் பொத்தான், பட்டியல் எல்லாவற்றையும் தானே வரைகிறது. வின்32 கன்ட்ரோலோ தனக்கென்று ஒரு ஹேண்டிலோடு வருகிறது. அது இருக்கும் செவ்வகத்துக்குள் டபிள்யூபிஎஃப் எதையும் வரைய முடியாது. இதை ‘ஏர்ஸ்பேஸ்’ பிரச்சினை என்பார்கள். வியூவருக்கு மேல் ‘லோட் ஆகிறது’ என்று ஒரு அரைத்தெளிவான திரையைப் போட்டுப் பாருங்கள். அது கன்ட்ரோலுக்குப் பின்னால் மறைந்துவிட்டால் உள்ளே இருப்பது வின்32 என்று அர்த்தம். பாப்அப்புக்குத் தனி ஹேண்டில் உண்டு என்பதால் அதை வைத்து ஓரளவு சமாளிக்கலாம். ஆனால் விண்டோவை நகர்த்தும்போது பாப்அப் அங்கேயே நிற்கும், அதைப் பின்தொடர வைக்க நீங்கள்தான் கோட் எழுத வேண்டும்.

அப்புறம் கீபோர்டு. மவுஸைத் தொடாமல் டேப் கீயிலேயே கன்ட்ரோலுக்குள் போய் வெளியே வாருங்கள். பல கன்ட்ரோல்களில் ஃபோகஸ் உள்ளே போகும், திரும்பி வராது. கர்சர் உள்ளே இருக்கும்போது கன்ட்ரோல் கீயோடு எஸ் கீயை (Ctrl+S) அழுத்தினால் உங்கள் சேவ் கட்டளை ஓடுகிறதா, இல்லை வியூவரின் சொந்த சேவ் டயலாக் திறக்கிறதா? ஸ்கிரீன் ரீடரோடு வேலை செய்பவர்களுக்கு இது அழகு சார்ந்த விஷயம் இல்லை. ஃபோகஸ் மாட்டிக்கொண்டால் அவர்களுக்கு அப்ளிகேஷனே நின்றுபோன மாதிரிதான். இதில் தோற்கும் கன்ட்ரோலை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது சோதனை எளிது. அந்த ஸ்கிரீனை 200 தடவை திறந்து மூடும் ஒரு சின்ன லூப் எழுதுங்கள். டாஸ்க் மேனேஜரில் ‘ஜிடிஐ ஆப்ஜெக்ட்ஸ்’, ‘யூசர் ஆப்ஜெக்ட்ஸ்’ ஆகிய இரண்டு நெடுவரிசைகளையும் சேர்த்துக்கொண்டு பாருங்கள். வரைவதற்கும், விண்டோ, மெனு போன்றவற்றுக்கும் அப்ளிகேஷன் விண்டோஸிடம் வாங்கி வைத்திருப்பவற்றின் எண்ணிக்கை அது. ஒரு பிராசஸுக்கு இவை ஒவ்வொன்றுக்கும் இயல்பான வரம்பு 10,000. எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய் இறங்காமல் நின்றால், காலையில் திறந்து மாலை வரை மூடாமல் வேலை பார்ப்பவரிடம் அது ஒருநாள் வெடிக்கும். பழியை உடனே கன்ட்ரோல் மேல் போடாதீர்கள். கன்ட்ரோல் பிடித்துவைத்ததை விடுவிக்கும் டிஸ்போஸ் மெத்தடைக் கூப்பிட்டீர்களா, அதன் ஈவென்ட்களிலிருந்து விலகினீர்களா என்று உங்கள் கோடையும் பாருங்கள்.

இனி, நான் பட்டுத் தெரிந்துகொண்டது. சில வருடங்களுக்கு முன் நாங்கள் ஒரு ரிப்போர்ட் வியூவர் ஓசிஎக்ஸைப் (பழைய வகைக் கன்ட்ரோல் ஃபைல்) பயன்படுத்தினோம். அது 32 பிட்டில் மட்டும்தான் வந்தது. அன்றைக்கு அது பிரச்சினையாகத் தெரியவில்லை. பெரிய ஃபைல்களுக்கு மெமரி போதாமல் அப்ளிகேஷனை 64 பிட்டுக்கு மாற்ற வேண்டி வந்தபோதுதான் விழித்துக்கொண்டோம். ஓசிஎக்ஸும் ஒரு டிஎல்எல்தான், அதாவது அப்ளிகேஷனுக்குள் ஏற்றப்படும் கோட் ஃபைல். 64 பிட் பிராசஸுக்குள் 32 பிட் டிஎல்எல்லை விண்டோஸ் ஏற்றாது. விற்றவர்கள் அதற்குள் அந்தத் தயாரிப்பையே கைவிட்டிருந்தார்கள். சரி, வேறொன்றுக்கு மாறலாம் என்றால் அந்த ஓசிஎக்ஸின் கிளாஸ்களை ஏறக்குறைய 30 ஸ்கிரீன்களில் நேரடியாகக் கூப்பிட்டிருந்தோம். 4 மாதம் அதற்கே போனது. அந்த 4 மாதத்தில் பயனர்கள் கேட்ட ஒரு வசதியைக்கூட எங்களால் செய்துகொடுக்க முடியவில்லை. இன்றும் அது எனக்கு வருத்தம்தான்.

அதனால் நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்: அந்தக் கன்ட்ரோலின் பெயர் உங்கள் சொல்யூஷனில் (பிராஜெக்டுகளின் மொத்தத் தொகுப்பு) ஒரே ஒரு பிராஜெக்டுக்குள் மட்டும் இருக்கட்டும். உங்களுக்கு உண்மையில் என்ன தேவை? ஃபைலைத் திற, இந்தப் பக்கத்துக்குப் போ, பிரின்ட் எடு, பக்கம் மாறினால் சொல். இந்த நாலையும் ஒரு இன்டர்ஃபேஸாக (என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லும் பட்டியல்) எழுதுங்கள். மற்ற ஸ்கிரீன்கள் அதை மட்டும் பார்க்கட்டும். கன்ட்ரோலில் இருக்கும் எல்லா மெத்தடுக்கும் உறை போட உட்கார்ந்துவிடாதீர்கள், அது வீண் உழைப்பு. விற்பவரின் கிளாஸையோ enum-ஐயோ (பெயரிட்ட மதிப்புகளின் தொகுப்பு) இன்டர்ஃபேஸ் வழியாக வெளியே விடாமல் இருந்தால் போதும்.

பிடிஎஃப்பைக் காட்டினால் போதும் என்றால் எதையும் வாங்க வேண்டாம். அப்ளிகேஷனுக்குள் வலைப்பக்கம் காட்ட மைக்ரோசாஃப்ட் தரும் கன்ட்ரோலான வெப்வியூ2-க்குள் எட்ஜ் பிரௌசரின் பிடிஎஃப் வியூவரே இருக்கிறது. அதன் வழக்கமான டபிள்யூபிஎஃப் கன்ட்ரோலிலும் ஏர்ஸ்பேஸ் தொல்லை உண்டு. இன்னொன்று, குக்கீ, கேஷ் போன்றவற்றை வைக்கும் அதன் யூசர் டேட்டா ஃபோல்டர் வழக்கமாக உங்கள் இஎக்ஸ்இ இருக்கும் இடத்திலேயே உருவாகும். புரோகிராம் ஃபைல்ஸில் எழுத சாதாரணப் பயனருக்கு அனுமதி இல்லாததால், உங்கள் மெஷினில் ஓடியது அவருடைய மெஷினில் திறக்காது. வெப்வியூ2-இன் என்விரான்மென்டை (அது ஓடுவதற்கான அமைப்பு) உருவாக்கும்போதே, பயனர் எழுதக்கூடிய லோக்கல் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் ஒரு பாதையைக் கொடுத்துவிடுங்கள். பிடிஎஃப்பில் குறிப்பு எழுதுவது, அந்தக் குறிப்புகளை உங்கள் கோட் வழியாகப் படிப்பது என்றெல்லாம் தேவை வந்தால்தான் காசு கொடுத்து வாங்கும் கன்ட்ரோல் பக்கம் போகச் சொல்வேன்.