கடைசி இரண்டு விடைகளில் எது சரி? எல்சாட் (அமெரிக்கச் சட்டப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு) தர்க்கப் பகுதி: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஐந்து விடைகளில் மூன்றைச் சுலபமாக அடித்துவிடுகிறேன். மீதி இரண்டில் கை எப்போதும் தவறானதுக்கே போகிறது. ஏன்?

பதில்: எது பிடித்திருக்கிறது என்று பார்ப்பதால்தான். எதில் ஓட்டை என்று தேடுங்கள். பத்தியில் வந்த சொற்களையே போட்டு ஒன்றை மட்டும் மாற்றியிருப்பார்கள். பத்தி 'சிலர்' என்றிருக்கும், விடை 'பெரும்பாலோர்' என்றிருக்கும், வேகமாகப் படிக்கும் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

கேள்வி: 'எல்லா', 'ஒருபோதும்' என்று வந்தாலே தள்ளிவிடலாமா சார்?

பதில்: கூடாது, முதலில் கேள்வி என்ன கேட்கிறது என்று பாருங்கள். பத்தியிலிருந்து நிச்சயமாகப் பெறக்கூடியது எது என்றால் அடக்கமான விடைக்கே வாய்ப்பு அதிகம். வாதத்தை எது வலுப்படுத்தும் என்று கேட்டால் விடை சொல்வதை அப்படியே உண்மை என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள், அங்கே கடுமையான சொல் நமக்கு லாபம்.

கேள்வி: அவசியமான அனுமானத்தை, அதாவது வாதம் நிற்க உண்மையாக இருந்தே ஆகவேண்டியதைக் கேட்டால், விடையை மறுத்துப் பார்க்கச் சொல்கிறார்களே, அது எப்படி?

பதில்: ஒரு வாதம்: 'வீட்டிலிருந்து வேலை செய்ய விட்ட பிறகு நிறுவனத்தின் உற்பத்தி கூடியது, ஆகவே வீட்டு வேலையால்தான் கூடியது.' முதல் விடை, 'வேறு எந்த நிறுவனத்திலும் வீட்டு வேலையால் உற்பத்தி குறைந்ததில்லை.' இதை மறுத்தால் எங்கோ ஒரு நிறுவனத்தில் குறைந்தது என்று ஆகும், அதனால் இந்த வாதத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது, 'அப்போது வந்த புதிய மென்பொருள் மட்டுமே இந்த உயர்வுக்குக் காரணம் அல்ல.' மறுத்தால், மென்பொருள் மட்டுமே காரணம். வாதம் அங்கேயே விழுந்துவிடுகிறது, அதனால் இதுதான் விடை. பலர் சறுக்குவது மறுப்பதிலேயே: 'எல்லோரும் வந்தார்கள்' என்பதன் மறுப்பு 'ஒருவராவது வரவில்லை' என்பதுதான், 'ஒருவரும் வரவில்லை' அல்ல.

கேள்வி: இவ்வளவு யோசிக்க நேரம் ஏது? ஒரு பகுதிக்கு 35 நிமிடம்தானே!

பதில்: உண்மைதான், சுமார் 25 கேள்விகள். ஆனால் 2024 ஆகஸ்டில் லாஜிக் கேம்ஸ் என்ற புதிர்ப் பகுதியை எடுத்துவிட்டார்கள், இப்போது மதிப்பெண்ணுக்குரிய மூன்று பகுதிகளில் இரண்டு இந்தத் தர்க்கப் பகுதிதான், எனவே இதில் உழைப்பது வீண்போகாது. ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டால் ஏதாவது ஒன்றைக் குறித்துவிட்டு நகருங்கள், தவறுக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. வீட்டில் பழகும்போது மட்டும் கடிகாரத்தை ஓரம் வைத்து, தள்ளிய நான்கு விடைகளுக்கும் ஏன் தள்ளினோம் என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத வராத இடம்தான் அடுத்து நீங்கள் படிக்க வேண்டியது.