மோட்டார் உறுமினால் காயில் போய்விட்டதா?

கேள்வி: பழைய ஏர் கம்ப்ரஸர் ஒன்று வாங்கினேன். 2 எச்.பி., சிங்கிள் பேஸ், பெல்ட் மாடல். வயர்களை வெட்டிவிட்டுத்தான் கொடுத்தார்கள். மோட்டாரிலிருந்து நான்கு வயர் வருகிறது, நான்கும் கருப்பு. கூடவே ஒரு கெபாசிட்டர். உத்தேசமாக இணைத்து சுவிட்ச் போட்டால் உறுமுகிறது, சுற்றவில்லை. ஏழெட்டு விநாடியில் எம்.சி.பி. விழுந்துவிடுகிறது. காயில் போயிருக்கும், ரீவைண்டிங் செய், அதாவது காயிலைப் புதிதாகச் சுற்று என்கிறார்கள். செய்துவிடலாமா?

பதில்: பொறுங்கள். முதலில், அந்த மோட்டாருக்கு இனி கரண்ட் கொடுக்காதீர்கள். சுற்றாமல் நிற்கும் மோட்டார் ஐந்தாறு மடங்கு கரண்டை இழுக்கும். "இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்று போட்டுப் போட்டே நல்ல காயிலைக் கருக்கிவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

உங்கள் கடிதத்தில் நல்ல சேதியும் இருக்கிறது. காயில் பாடியில் தொட்டிருந்தால் பெரும்பாலும் சுவிட்சைத் தட்டியதுமே எம்.சி.பி. விழும். இந்த மாதிரி மோட்டாரில் இரண்டு காயில்: கிளப்பிவிட ஸ்டார்டிங், தொடர்ந்து ஓட்ட ரன்னிங். சில விநாடி உறுமிவிட்டு விழுகிறது என்றால், ரன்னிங் காயிலுக்குக் கரண்ட் போகிறது. ஸ்டார்டிங் பக்கம்தான் ஏதோ கோளாறு.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கெபாசிட்டரின் இரு முனைகளையும் குண்டு பல்பு மாட்டிய ஹோல்டர் வயரால் தொட்டு சார்ஜை இறக்குங்கள். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்யாதீர்கள். பிறகு நான்கு வயரையும் தனித்தனியாகப் பிரித்து, 1, 2, 3, 4 என்று டேப் ஒட்டுங்கள். மீட்டரை ஓம்ஸில் வைத்து, இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள், 0.3 என்று காட்டினால் எல்லா அளவிலும் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். இந்தக் காயில்களில் அளவு ஓரிரு ஓம்தான் வரும், அந்த 0.3 பெரிய வித்தியாசம்.

இப்போது எந்த வயருக்கும் எந்த வயருக்கும் தொடர்பு இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு ஜோடி கிடைக்க வேண்டும். ஓம் குறைவாகக் காட்டுவது ரன்னிங், கூடுதலாகக் காட்டுவது ஸ்டார்டிங். ஒரே ஒரு ஜோடிதான் கிடைக்கிறதா? எனக்குச் சந்தேகமே அங்குதான். ஸ்டார்டிங் காயிலோடு சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் சீரிஸில் இருக்கிறது. மோட்டார் நிற்கும்போது அது மூடியிருக்க வேண்டும். முக்கால்வாசி வேகம் வந்ததும் திறந்துகொள்ளும். கம்ப்ரஸர் ஆயிலும் தூசியும் சேர்ந்து அதன் பாயிண்டில் கருப்பாகப் படிந்துவிட்டால் தொடர்பே கிடைக்காது. கவரைக் கழற்றி, மிக மெல்லிய எமரி பேப்பரால் பாயிண்டைத் துடைத்து, ஸ்பிரிங்கும் எடைத்துண்டுகளும் தாராளமாக அசைகின்றனவா என்று பாருங்கள். அதற்குப் பிறகும் தொடர்பு வரவில்லை என்றால்தான் காயில் அறுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கெபாசிட்டர் உப்பியிருந்தாலோ கசிந்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். மேலே அச்சிட்ட மைக்ரோஃபாரட் அளவும் வேண்டும், வோல்ட் அளவு பழையதைவிடக் குறையவும் கூடாது.

இணைப்பு சுலபம். இரண்டு ஜோடியிலிருந்தும் ஒவ்வொரு வயர் நியூட்ரலுக்கு. மிச்சமுள்ள ரன்னிங் வயர் நேராக பேஸுக்கு, மிச்சமுள்ள ஸ்டார்டிங் வயர் கெபாசிட்டர் வழியாக பேஸுக்கு. பாடிக்கு எர்த் கட்டாயம். அதிகக் கரண்ட் இழுத்தால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு இருந்திருந்தால் அதையும் பழையபடி வரிசையில் சேருங்கள். அதைத் தாண்டி நேராகக் கொடுக்கவே கூடாது. பேஸ் கொடுப்பதற்கு முன் 500 வோல்ட் மெக்கரால் (இன்சுலேஷன் பார்க்கும் மீட்டர்) காயிலுக்கும் பாடிக்கும் இடையே பாருங்கள், ஒரு மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. சாதா மீட்டர் ஈரக் கசிவைக் காட்டிக்கொடுக்காது. இந்த இடத்தில் கைப்பழக்கம் இல்லையென்றால் எலக்ட்ரீஷியனை அழைத்துவிடுங்கள்.

முதல் ஓட்டம் பெல்ட்டைக் கழற்றிவிட்டுத்தான். எதிர்ப்பக்கம் சுற்றினால் ஸ்டார்டிங் ஜோடியின் இரு வயர்களை மட்டும் இடம் மாற்றுங்கள். பெல்ட் இல்லாமல் ஓடி, பெல்ட் போட்டதும் மறுபடி உறுமினால் மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள். ஒவ்வொரு முறை நின்றதும் பிரஷர் சுவிட்ச் பக்கம் 'புஸ்' என்று காற்று விட வேண்டும். விடவில்லை என்றால் பிஸ்டனுக்கு மேல் அழுத்தம் தங்கி மோட்டாரைக் கிளம்ப விடாது. அந்தக் காற்றை வெளியே விடும் அன்லோடர் வால்வைக் கவனியுங்கள். நீளமான மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் ஓட்டினாலும் இதே கதைதான்.

காயிலில் கருகிய வாடை அடித்து, வார்னிஷ் பொரிந்து, மெக்கரும் கசிவு காட்டினால் ரீவைண்டிங்குக்குக் கொடுங்கள். அதுவரை பணத்தைக் கையில் வைத்திருங்கள்.