கே.பி.எஸ். பாடியது கத்தலா?

ஐயா, வணக்கம்.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி ஆண்டுவிழாவில் அவளுக்கு ஔவையார் வேடம். ‘திருவிளையாடல்’ படத்தில் கே.பி. சுந்தராம்பாள் பாடிய ‘ஒன்றானவன் உருவில் இரண்டானவன்’ பாட்டை மேடையில் நேரடியாகப் பாட வேண்டும். ஒரு வாரமாக அவரைப் போலவே பாடிப் பார்த்துத் தொண்டை கட்டிவிட்டது. வீட்டில் சின்னவன், “அந்தப் பாட்டி ஏம்மா இப்படிக் கத்துறாங்க?” என்று கேட்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் ஏன் அப்படிப் பாடினார்? என் மகள் எப்படிப் பாட வேண்டும்?

— ஒரு வாசகி, கரூர்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மகளின் தொண்டையைப் பார்ப்போம். மூன்று நாளைக்குப் பாட்டே வேண்டாம். வெந்நீர் குடிக்கட்டும், மெதுவாகப் பேசட்டும். கிசுகிசுவென்று பேச விடாதீர்கள்; அது தொண்டைக்கு ஓய்வு தராது, இன்னும் வருத்தும். கனைப்பதும் அப்படித்தான். கரகரப்பு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

இனி சின்னவனின் கேள்வி. அந்தக் குரல் மைக் இல்லாத மேடையில் வளர்ந்தது. 1908-ல் காவிரிக்கரைக் கொடுமுடியில் பிறந்தவர் சுந்தராம்பாள். பெயருக்கு முன்னால் நிற்கும் கே.பி. என்பது கொடுமுடி பாலாம்பாள், அதாவது ஊரும் தாயும். வறுமை. சிறுமியாக ரயிலில் பாடிக்கொண்டிருந்தவரை, ரயில்வே அதிகாரியும் நாடகக்காரருமான எஃப்.ஜி. நடேச ஐயர் கேட்டுவிட்டு, வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சேர்த்துவிட்டார். முதல் வேடம் ‘நல்லதங்காள்’ நாடகத்தில் பசியால் அழும் ஆண்பிள்ளை. பசி அவருக்குப் புதிதில்லை. கடைசி வரிசை வரை அதைக் கொண்டுசேர்ப்பதைத்தான் கற்க வேண்டியிருந்தது.

அந்தக் கால நாடகம் இரவு பத்து மணிக்குமேல் தொடங்கி விடியும்வரை நடக்கும். கொட்டகை நிறையக் கூட்டம், பிள்ளைகள் அழுகை, முறுக்கு விற்பவர் சத்தம். மேடையோரத்தில் ஆர்மோனியமும் மிருதங்கமும் உண்டு. சத்தத்தைப் பெருக்கித் தர எதுவும் கிடையாது. இங்கே கட்டைக் கணக்கு, அதாவது பாடும் சுருதியின் உயரத்தை எண்ணால் சொல்லும் முறை, முக்கியம். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை ஒன்று முதல் ஏழு வரை எண்ணுவார்கள். இடையில் வரும் கறுப்புகள் அரைக் கட்டை. இன்றைய கச்சேரியில் ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை. பெண்கள் நாலரை, ஐந்து. நாடகத்தில் இருவருக்கும் ஒரே ஆர்மோனியம், ஒரே சுருதி. ஸ்திரீபார்ட்டோடு (பெண் வேடம்) பாட்டாலேயே வாதாடித் தர்க்கம் பாடும் ராஜபார்ட்டும் (கதாநாயகன் வேடம்) அந்த உயரத்துக்கு ஏறியே ஆக வேண்டும். நாடக நடிகர் செங்கோட்டை கிட்டப்பாவின் குரல் அப்படி ஏறியது. 1926-ல் கொழும்பில் ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் அவரும் சுந்தராம்பாளும் சேர்ந்து நடித்தார்கள். அடுத்த ஆண்டு இருவருக்கும் திருமணம் நடந்தது.

சுருதியை உயர்த்துவதற்குக் காரணம் இருந்தது. நம் காது மிகக் கூர்மையாகக் கேட்பது நொடிக்கு 2000 முதல் 4000 அதிர்வுகள் வரையிலான பகுதியைத்தான். உயர்ந்த சுருதியில் வாயை நன்றாகத் திறந்து பாடும்போது குரலின் வலிமை அந்தப் பகுதியில் போய்க் குவியும். கூட்டத்தின் இரைச்சலுக்கு மேலே குரல் மிதப்பது அதனால்தான். கத்துவது வேறு. கத்தும்போது கழுத்து இறுகி எழுத்துகள் நசுங்கிவிடும். கே.பி.எஸ். பாட்டு எதையாவது எடுத்து உங்கள் சின்னவனைச் சொற்களை எழுதச் சொல்லுங்கள். ஒரு சொல்லும் தப்பாது. ழகரம் ழகரமாகவே விழும். ‘ஞானப்பழம்’ என்றால் இரட்டை பகரத்தில் காற்று நின்று வெடிப்பது கேட்கும். கத்துகிறவர்களிடம் இது வராது.

1933 டிசம்பர் 2-ல் கிட்டப்பா காலமானார். அவருக்கு வயது 27. சுந்தராம்பாள் வெள்ளைச் சேலைக்கு மாறினார். எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்து, கடைசிவரை அதில் நின்றார். அதன்பின் அவர் ஏற்ற வேடங்களைப் பாருங்கள்: நந்தனார், மணிமேகலை, ஔவையார், ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தியடிகள், காரைக்கால் அம்மையார். காதல் காட்சியே இல்லாமல் தமிழ்ப் படத்தில் முதல் வரிசையில் நின்ற நடிகை வேறு யாரும் எனக்குத் தெரியவில்லை. 1935-ல் வந்த ‘நந்தனார்’ படத்தில் நந்தனாராக நடித்ததற்கு அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம். நடிக்க விருப்பமின்றி, தட்டிக்கழிக்கவே அந்தத் தொகையைக் கேட்டதாகவும், தயாரிப்பாளர் அசன்தாஸ் ஒப்புக்கொண்டுவிட்டதாகவும் சொல்வார்கள். நந்தனாரின் எசமானரான வேதியராக நடித்தவர் கர்நாடக இசைப் பாடகர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர்.

அந்தப் படத்தின் காலத்தில் பின்னணிப் பாட்டு தமிழுக்கு வரவில்லை. கேமரா ஓடும்போதே நடிகர் பாட வேண்டும். மைக்கைப் படச்சட்டத்துக்கு வெளியே, தலைக்கு மேலே தொங்கவிடுவார்கள். பக்கவாத்தியக்காரர்கள் கேமராவுக்குத் தெரியாமல் மறைவில் உட்கார்ந்து வாசிப்பார்கள். பாடுபவர் தலையைத் திருப்பினால் குரல் தேயும். மெல்லிய குரல்கள் இதில் காணாமல் போயின. கொட்டகைக் குரல்கள் தாக்குப்பிடித்தன. இசைத்தட்டிலோ வேறு சிக்கல். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம்தான் ஓடும். மேடையில் அரைமணி நேரம் விரித்த பாட்டை அதற்குள் சுருக்க வேண்டும். எடுத்த எடுப்பிலேயே உச்சத்தில் நிற்கும் அவருடைய பழைய தட்டுகளை இதை மனதில் வைத்துக் கேளுங்கள்.

1951-ல் சென்னைச் சட்ட மேலவை உறுப்பினர், 1953-ல் ஜெமினியின் ‘ஔவையார்’, 1969-ல் ‘துணைவன்’ படத்துக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது, 1970-ல் பத்மஸ்ரீ, 1980-ல் மறைவு. உங்களுக்கு வேண்டியது 1965-ன் ‘திருவிளையாடல்’. அப்போது அவருக்கு ஐம்பத்தாறு வயது தாண்டிவிட்டது. எதிரே மைக் இருக்கிறது. ஆனாலும் பாடும் முறையை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

அந்தப் பாட்டின் கட்டமைப்பைக் கவனியுங்கள். ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணிப் போகும் பாட்டு அது. எண் பெரும்பாலும் வரியின் கடைசிச் சொல்லில் உட்கார்ந்திருக்கிறது. புதிதாகப் பாடுகிறவர்கள் வரியின் தொடக்கத்தில் மூச்சையெல்லாம் கொட்டிவிட்டு, கடைசிச் சொல்லை விழுங்கிவிடுவார்கள். எண் போனால் பாட்டே போயிற்று. கே.பி.எஸ். கடைசிச் சொல்லுக்கென்று மூச்சைச் சேமித்து வைத்திருப்பார். ‘ஆனவன்’ ஒவ்வொன்றும் எடை குறையாமல் வந்து நிற்கும்.

மகளின் தொண்டை தெளிந்ததும் பாட்டை எடுக்க வேண்டாம். முதல் நாள் கூடத்தின் ஒரு மூலையில் அவள் நிற்கட்டும், எதிர்மூலையில் நீங்கள். ராகமில்லாமல், கடைசிச் சொல் உங்கள் காதில் விழும்படி வரிகளைச் சொல்லட்டும். மறுநாள் அதே வரிகளை ஸட்ஜமம் (‘ஸ’ என்ற முதல் சுரம்) ஒன்றிலேயே நிறுத்திச் சொல்லட்டும். அதற்குப் பிறகுதான் மெட்டு. ஒரு வேளைக்குப் பதினைந்து நிமிடம், நாளுக்கு இரண்டு வேளை. அதற்குமேல் ஆசை வந்தாலும் வேண்டாம். வரிக்கு ஒரு மூச்சு. மூச்சு எடுக்கையில் வயிறு விரிய வேண்டும். தோள் ஏறினால் தப்பு. ‘ஆ’ வரும் இடத்தில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு வாய் திறக்கட்டும். கழுத்து நரம்பு புடைத்தால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

தொண்டை கட்டியதற்கு முக்கியமான காரணம் சுருதியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். படத்தின் சுருதியிலேயே பாட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அவளால் சிரமமில்லாமல் தொட முடிகிற உச்ச சுரத்தைக் கண்டுபிடித்து, பாட்டின் உச்சம் அதற்கு ஒரு சுரம் கீழே வருமாறு இறக்கிக்கொள்ளுங்கள். கரோக்கே வைத்துப் பாடுவதாக இருந்தால் இரண்டு அரைசுரம் வரை இறக்கலாம். அதற்கும் கீழே போனால் வாத்தியங்களின் ஒலி சிதைந்துவிடும். அப்போது ஆர்மோனியம் ஒன்றே போதும்.

ஸ்டாண்ட் மைக் என்றால் வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண். உச்சத்தில் அரையடி பின்னால் நகரட்டும். ஔவையின் கோல் மைக் ஸ்டாண்டில் இடித்தால் அரங்கம் முழுக்க ‘டங்’ என்று கேட்கும். ஸ்டாண்டுக்கு எதிர்ப்பக்கக் கையில் கொடுங்கள். கிழவி என்பதற்காகக் குரலை நடுங்கவிடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். கே.பி.எஸ். ஒருமுறைகூட அதைச் செய்யவில்லை. கூனும் நரையும் உடம்புக்கு மட்டும்.