பிரதேச நிருபருக்கு ஆசிரியபீடத்தில் இடம் கிடைக்குமா?

கேள்வி: கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்தேன். மூன்று வருடமாகக் கொழும்பு நாளிதழ் ஒன்றுக்குப் பிரதேச நிருபராக இருக்கிறேன். மாதச் சம்பளம் இல்லை, வெளியான செய்திகளுக்குத்தான் கொடுப்பனவு. இப்படியே தொடர்ந்தால் நிரந்தர நியமனம் வருமா? வீட்டிலோ அரசாங்கத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர் வேலையைப் பார் என்கிறார்கள்.
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: இப்படியே தொடர்ந்தால் வராது, தங்கச்சி. பிரதேச நிருபர் பணி ஒரு வரிசை, ஆசிரியபீடம் வேறொரு வரிசை. முதலாவதில் எத்தனை வருடம் நின்றாலும் மூத்த நிருபர், மாவட்ட நிருபர் என்ற அளவில் முடிந்துவிடும். உதவி ஆசிரியர், செய்தி ஆசிரியர், பிரதம ஆசிரியர் என்று போகும் வரிசைக்குப் புதிதாக விண்ணப்பித்துத்தான் உள்ளே போக வேண்டும்.

அங்கே எதைப் பார்க்கிறார்கள்? முக்கியமாக மொழிபெயர்ப்பு. அமைச்சரவைத் தீர்மானம், பொலிஸ் ஊடக அறிக்கை, நீதிமன்றச் செய்தி எல்லாம் பெரும்பாலும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோதான் மேசைக்கு வருகின்றன. அவற்றை இரவு பக்கம் முடிவதற்குள் பிழையில்லாத தமிழில் தரக்கூடியவருக்கு எந்த நாளிதழிலும் தேவை உண்டு. நம்ம பக்கத்துப் பிள்ளைகள் பலர் சிங்களத்தில்தான் தடுமாறுகிறார்கள். அடுத்த ஒரு வருடத்தை அதற்குக் கொடுங்கள்.

அடுத்தது செம்மைப்படுத்தல். நீங்கள் அனுப்பிய செய்தியையும் அச்சில் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "பிரதேச செயலாளர் தலைமையில் நடைபெற்ற நிகழ்வில் பிரதம அதிதியாகக் கலந்து சிறப்பித்தார்" என்ற முதல் பந்தி போயிருக்கும். எத்தனை குடும்பத்துக்குக் குடிநீர் இணைப்பு கிடைத்தது என்று நீங்கள் நாலாம் பந்தியில் ஒளித்து வைத்தது தலைப்பாகியிருக்கும். அந்த வெட்டை நீங்களே செய்யப் பழகுங்கள். ஒரே செய்தியைப் பத்து ஊடகத்துக்கும் ஒரே மின்னஞ்சலில் தட்டிவிடும் பழக்கம் இருந்தால் விடுங்கள், ஆசிரியருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

விண்ணப்பத்தோடு அச்சில் வந்த உங்கள் செய்திகளின் நூறு நறுக்குகள் வேண்டாம், நீங்களே தேடிப்போய் எழுதிய ஐந்து போதும். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகச் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் 2023இல் தொடங்கிய போராட்டத்தை எல்லோரும் எழுதினார்கள். ஒரு பண்ணையாளருக்கு அந்த வருடம் எத்தனை மாடு போனது, பாலில் எவ்வளவு குறைந்தது என்று கணக்கெடுத்து எழுதுவதுதான் வேறு வேலை. அரச அலுவலகங்களிடம் கணக்குக் கேட்க 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டமும் கையில் இருக்கிறது. கோரிக்கையைத் தமிழிலேயே கொடுக்கலாம். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும்.

கொழும்பில் 2004இல் தொடங்கிய இலங்கை இதழியல் கல்லூரியின் டிப்ளோமாவும் ஒரு வழி. தமிழிலும் கற்பிக்கிறார்கள். சான்றிதழைவிட அங்கே கிடைக்கும் அறிமுகங்களுக்குத்தான் பெறுமதி அதிகம் என்பேன்.

ஊரிலிருந்தபடியே பெயர் எடுக்க முடியாதா என்றால், முடியும். மட்டக்களப்பிலிருந்து வீரகேசரிக்கு எழுதிய ஐயாத்துரை நடேசனை நாடே அறிந்திருந்தது. அவர் 2004 மே 31 அன்று மட்டக்களப்பில் சுட்டுக் கொல்லப்பட்டதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெயர் வேறு, வருமானப் பாதுகாப்பு வேறு.

ஆசிரியபீட நியமனம் கிடைத்தால் கடிதத்தில் முதலில் ஊழியர் சேமலாப நிதியைப் பாருங்கள்: உங்கள் பங்கு 8 வீதம், நிறுவனத்தின் பங்கு 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிறுவனம் 3 வீதம் தனியாகக் கட்ட வேண்டும். "ஆறு மாதம் போகட்டும்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், சேமலாப நிதி வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே உரியது.

அரச வேலை பற்றி: வீடு உங்கள் வருமானத்தை நம்பியிருந்தால் எடுங்கள், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. நம்ம மாவட்டத்தில் பாடசாலை ஆசிரியர்களாக இருந்துகொண்டே செய்தி அனுப்புவோர் நிறையப் பேர். ஆனால் ஊடகங்களுக்குத் தகவல் கொடுப்பதற்குத் அரச ஊழியர்களுக்கான தாபன விதிக்கோவையில் கட்டுப்பாடு இருக்கிறது. எழுதுவதற்குத் திணைக்களத் தலைவரிடம் எழுத்தில் அனுமதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி கிடைத்தாலும் நீங்கள் வேலை செய்யும் அலுவலகத்தைப் பற்றி எழுத வராது.